குளிர் ஓர் அளவா, ஒழுங்கா? கடத்தூரிலிருந்து பினோ நுவார் திராட்சையை நோக்கி ஓர் ஆய்வு

1. கேள்வி

கடத்தூர் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. மொரப்பூர், பொம்மிடி ரயில் நிலையங்கள் அருகில் உள்ளன. தெற்கே சேர்வராயன் மலைத்தொடர், மேற்கே வத்தல்மலை, கிழக்கே சித்தேரி மலை. சமவெளியில் கரும்பும் மரவள்ளியும் வெற்றிலையும் விளைகின்றன. மலைமேல் காப்பியும் மிளகும் விளைகின்றன. சேர்வராயன் உச்சியில் பேரிக்காயும் காய்க்கிறது. கீழே சித்திரை வெயில் காயும் நாளில் மேலே போர்வை தேடுகிறார்கள்.

இந்த வேறுபாடு ஓர் எண்ணத்தை எளிதில் எழுப்புகிறது. குளிர் மலைமேல் இருக்கிறது. ஆகவே குளிர்நாட்டுப் பயிர் எதையும் மலைமேல் வைக்கலாம். இந்த எண்ணத்தைச் சோதிக்க ஒரு கடினமான பயிரை எடுத்துக்கொள்வது நல்லது. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தைத் தாயகமாகக் கொண்ட பினோ நுவார் என்ற கருந்திராட்சை அதற்குப் பொருத்தமானது. சிவப்பு ஒயின் திராட்சைகளில் இடத்தைப் பற்றி மிகவும் அடம்பிடிப்பது என்று பெயர் எடுத்தது இது. குளிர்ப் பகுதியில் ஒரு குடும்பம் தன் நிலத்தில் விளைவித்து, தானே பிழிந்து, தன் பெயரிலேயே புட்டியில் அடைக்கும் தொழிலோடு இந்தத் திராட்சையின் வரலாறு பின்னிக் கிடக்கிறது.

இந்தத் திராட்சை தமிழக மலைகளில் பொருந்துமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. உயரம் இருந்தால் போதும் என்பது ஒன்று. இது வெப்ப நாடு, பேச்சுக்கே இடமில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே குளிரை ஓர் அளவாக மட்டும் கருதுகின்றன. வெப்பமானியில் எண் குறைந்தால் குளிர் வந்துவிட்டது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. திராட்சைக் கொடிக்குக் குளிர் என்பது ஆண்டின் ஒழுங்கு, பருவங்கள் வந்து போகும் வரிசை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. தகடூருக்கு வந்த செடிகள்

வெளியிலிருந்து பயிர் கொண்டுவருவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தருமபுரியின் பழம்பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இங்கே கொணர்ந்தனர் என்ற செய்தியை ஒளவையார் பாடிய புறநானூற்று 99ஆம் பாடல் தருகிறது. ஒரு குடியின் பெருமைகளில் ஒன்றாகப் புதுப்பயிர் கொண்டுவந்ததும் எண்ணப்பட்ட நிலம் இது. இன்றும் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரக் கரும்பு கோபாலபுரத்தில் உள்ள சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்கிறது.

அதே தொகையின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த மதுவைப் பேசுகிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் வட்டாரத்து மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இலக்கியமும் தொல்லியலும் இங்கே ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. ஆனால் இரண்டும் காட்டுவது வணிகச் சரக்கையே. கரும்பு செடியாக வந்தது. திராட்சையோ சாடியில் அடைபட்ட சாறாக வந்தது. மேற்கு நாட்டு ஒயினைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாக அறிவர் என்று சொல்லலாம். திராட்சைச் சாகுபடியையும் அதே காலத்திலிருந்து அறிவர் என்று சொல்ல இச்சான்றுகள் போதா.

பெயர்களும் இதற்கு ஒத்தே நிற்கின்றன. திராட்சை வடமொழி வழி வந்த சொல். பழைய அகராதிகளில் உள்ள கொடிமுந்திரி, தெரிந்த ஒரு பெயரோடு கொடி என்ற அடையைச் சேர்த்து ஆக்கிய சொல். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சைதான். நாம் முந்திரி என்பதை அங்கே மரமுந்திரிகை என்பார்கள்.

அடுத்துச் செடியாக வந்தது காப்பி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பரப்பினார். வத்தல்மலையில் இன்று பழங்குடி மக்கள் காப்பி பயிரிடுகிறார்கள். காப்பி வந்து நிலைத்ததைக் காட்டித் திராட்சையும் நிலைக்கும் என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. காப்பியின் தாயகம் எத்தியோப்பிய மலைகள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மலைகள். வெப்பமண்டல மலையிலிருந்து வெப்பமண்டல மலைக்கு வந்ததால் அது தன் ஆண்டு ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கரும்புக்கோ வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும். பினோ நுவாரின் நிலை வேறு.

3. பினோ நுவார் கேட்பது

பினோ என்ற பெயர் பைன் மரக் காயின் வடிவிலிருந்து வந்தது என்பர். கொத்து சிறியது, பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கூம்பாக அடைந்திருக்கும். தோல் மெல்லியது. நிறமிகள் குறைவு; மற்றக் கருந்திராட்சைகளில் நிறத்தை நிலைப்படுத்தும் சில நிறமி வகைகள் இதில் இல்லை. சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். ஒவ்வொரு இயல்புக்கும் ஒரு விலை உண்டு. நெருக்கமான கொத்தில் ஈரம் தங்கினால் அழுகல் பிடிக்கும். மெல்லிய தோல் கடும் வெயிலில் சுருங்கும். வெப்பத்தில் பழுத்தால் சர்க்கரை விரைந்து ஏறும்; புளிப்பு விரைந்து இறங்கும்; மணம் உருவாகப் பொழுது இருக்காது.

வளர்பருவச் சராசரி வெப்பநிலை 14 முதல் 16 பாகை செல்சியசுக்குள் இருக்கும் இடங்களே இதற்கு உகந்தவை என்பது கிரெகரி ஜோன்ஸ் போன்ற காலநிலை ஆய்வாளர்களின் கணிப்பு. கேபர்நே சோவினியோன், ஷிராஸ் போன்றவற்றுக்கு உள்ள இடைவெளியை விட இது மிகக் குறுகியது.

பர்கண்டியில் இந்தத் திராட்சைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு பல நூற்றாண்டுக் கவனிப்பால் உருவானது. 1098இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டர்சியன் துறவிகள் பிற்பாடு வூஜோ தோட்டத்தை உருவாக்கினர். 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தன் ஆட்சிப் பகுதியில் விளைச்சல் மிகுந்த காமே திராட்சையைப் பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். பினோவுக்கு அது காப்பானது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடங்களின் நிலம் ஏலம் போயிற்று. நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டம் பிள்ளைகளுக்குச் சமபங்கு தந்ததால் நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தது. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள வூஜோ தோட்டம் இன்று 80 உரிமையாளர்களுக்குச் சொந்தம். பாகப்பிரிவினையில் வரப்புகள் பெருகிய கதை நமக்கும் தெரிந்ததே. அங்கே அந்தச் சிறு துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயரும் தரமும் விலையும் அமைந்தன என்பதுதான் வேறுபாடு. பர்கண்டியின் இத்தகைய பெயர் பெற்ற துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தாயகத்துக்கு வெளியே இந்தத் திராட்சை வேரூன்றியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். டேவிட் லெட் 1965இல் நாற்றுகளோடு கலிபோர்னியாவிலிருந்து வடக்கே சென்றார். அடுத்த ஆண்டு டண்டீ குன்றுகளில் நட்டார். அந்த இடம் குளிர் மிகுந்தது, திராட்சை தேறாது என்பதே அன்றைய பொதுக்கருத்து. அவருடைய 'ஐரி' தோட்டத்து 1975ஆம் ஆண்டுப் பினோ நுவார், 1979இல் பாரிசில் கோ-மியோ இதழ் நடத்திய போட்டியில் முன்வரிசையில் வந்தது. மறுஆண்டு பர்கண்டியின் ட்ரூவான் நிறுவனம் நடத்திய மறுபோட்டியில் நூலிழை வேறுபாட்டில் இரண்டாம் இடம் பெற்றது. 1987இல் ட்ரூவான் குடும்பமே ஓரிகனில் நிலம் வாங்கியது. லெட் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை இன்று ஐரியை நடத்துகிறது.

லெட்டின் வெற்றியைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அவர் தேர்ந்த இடம் 45 பாகை அட்சரேகையில் உள்ளது. பர்கண்டியின் போன் நகரம் 47 பாகையில் உள்ளது. கோடையில் நீண்ட பகல், இலையுதிர்காலத்தில் படிப்படியாகத் தணியும் வெயில், கொடி உறங்கும் குளிர்காலம் ஆகிய மூன்றும் இரண்டு இடங்களுக்கும் பொது. பினோ நுவார் கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் ஆண்டின் ஒழுங்கை விட்டுப் போகவில்லை.

4. எண்கள் சொல்வது

1944இல் கலிபோர்னியாவில் அமெரைனும் விங்க்லரும் ஒரு கணக்கை வகுத்தனர். திராட்சைக் கொடி 10 பாகைக்குக் கீழே வளர்வதில்லை. ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான 214 நாள்களில் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 10 பாகைக்கு மேல் எவ்வளவு போகிறது என்று கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1,389க்குள் இருந்தால் முதல் மண்டலம், அதாவது குளிர்ப் பகுதி. 2,222ஐத் தாண்டினால் ஐந்தாம் மண்டலம், வெப்பப் பகுதி. பினோ நுவாருக்கு உரியது முதல் மண்டலம்.

இந்தக் கணக்கை நம் இடங்களுக்கு முழு எண்களில் போட்டுப் பார்க்கலாம். கடத்தூர்ச் சமவெளியின் ஆண்டுச் சராசரியை 27 பாகை என்று கொண்டால் கூட்டுத்தொகை 3,638 வருகிறது. ஐந்தாம் மண்டலத்தையும் கடந்து எங்கோ போய்விட்டது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குச் சராசரி 20 பாகை என்று கொண்டால் 2,140 வருகிறது. அது நான்காம் மண்டலம். சுற்றுலாப் பயணிக்குக் குல்லாய் போடத் தோன்றும் ஏற்காடு, திராட்சைக் கணக்கில் வெப்பமான இடங்களின் வரிசையில் நிற்கிறது. வத்தல்மலை ஏற்காட்டை விடத் தாழ்ந்தது. அங்கே வெப்பம் இன்னும் கூடும். கடத்தூரைச் சுற்றியுள்ள எந்த மலையும் ஒயின் உலகின் பொருளில் குளிர்ப் பகுதி ஆகாது என்பது இந்தக் கணக்கின் முதல் முடிவு.

இரண்டாம் முடிவு எதிர்பாராதது. 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலின் ஆண்டுச் சராசரி 15 பாகை அளவில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 1,070. தெளிவாக முதல் மண்டலம். ஜோன்ஸ் வகுத்த 14 – 16 பாகை வரம்புக்குள்ளும் அது அடங்குகிறது. எண்களை மட்டும் நம்பினால் கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் பினோ நுவார் நட வேண்டியதுதான். உயரவாதிகளின் வலுவான சான்றும் இதுதான். ஆகவே இதைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

5. எண்கள் சொல்லாதது

கொடைக்கானலில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே நான்கைந்து பாகைதான் வேறுபாடு. போன் நகரில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 18 பாகை. சராசரி ஒத்துப்போகலாம், ஆனால் ஒன்று சமதளம், மற்றது ஏற்றமும் இறக்கமும் கொண்ட பாதை. வெப்பமண்டல மலைகளில் இரவுதான் குளிர்காலம் என்று புவியியலாளர் சொல்வது இதனால்தான். அங்கே ஒரே நாளுக்குள் வரும் வேறுபாடு ஆண்டு முழுவதும் வரும் வேறுபாட்டை விடப் பெரியது.

திராட்சைக் கொடி இந்த ஏற்ற இறக்கத்தைப் படித்துத்தான் தன் காலத்தை வகுக்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, போதிய குளிர் கண்ட பின் வசந்தத்தில் எல்லா மொட்டும் ஏறக்குறைய ஒருசேர விழிக்கும். உறக்கம் இல்லாத இடத்தில் கொடி என்றும் பசுமையாக நிற்கும். மொட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றன்பின் ஒன்றாக உடையும். ஒரே கொடியில் பூவும் காயும் பழமும் கலந்து நிற்கும். வெப்ப நாடுகளில் பருவத்தைத் தீர்மானிப்பது கவாத்துக் கத்தி. மகாராட்டிரத்தில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். மொட்டுகளை ஒருசேர எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு பூசுகிறார்கள். மனிதன் செயற்கையாகச் செய்யும் வசந்தம் அது.

பகல் நீளம் அடுத்தது. கடத்தூர் இருக்கும் 12 பாகை அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. போன் நகரில் அது 16 மணி நேரத்தை நெருங்குகிறது. மிதமான வெப்பத்தில் நீண்ட பகல் கிடைத்தால் இலை நிதானமாக உணவு செய்யும். பழம் அவசரப்படாமல் முதிரும். மலை வெப்பத்தைக் குறைத்துத் தரும். சூரியனை மூன்று மணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைக்க அதனால் ஆகாது.

எல்லாவற்றையும் விடத் தீர்மானமானது மழை. கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்கிறது. அதுவும் இரு பருவக்காற்றுகளில் பரந்து பெய்கிறது. மூடுபனி நாள்கணக்கில் நிற்கும். இலையில் ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் வரும். கொத்தில் தங்கினால் அழுகல். நெருங்கிய கொத்தும் மெல்லிய தோலும் கொண்ட பினோ நுவாருக்கு இதைவிடக் கெட்ட சூழல் வேறில்லை. தமிழக மலைகளில் குளிரும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்க வழியில்லை.

அப்படியானால் மழை ஓய்ந்த தை, மாசியில் அறுவடை செய்யலாமே என்ற கேள்வி எழும். தக்காணத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் வேறொரு சிக்கல். பர்கண்டியில் பழம் முதிரும்போது வெயில் தணிந்துகொண்டே போகிறது. செப்டம்பர் இரவுகள் குளிரத் தொடங்குகின்றன. இங்கே மாசியில் பழுக்கும் கொத்து, முதிர முதிரக் கோடைக்குள் நடந்து போகிறது. முதல் நாள் வெப்பநிலை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தாலும் அடுத்த வாரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் சுவை தங்கியிருக்கிறது. குளிர் ஓர் அளவு என்பதை விட ஒரு திசை என்று சொன்னால் பிழையில்லை.

6. தக்காணத்தில் நடந்த சோதனைகள்

இந்த வாதத்தை நேரில் பார்க்க உதவும் களம் கடத்தூருக்கு வடமேற்கே, பெங்களூருக்கு அப்பால், நந்தி மலையடிவாரத்தில் இருக்கிறது. கன்வல் குரோவர் தொடங்கிய குரோவர் குடும்பத் தோட்டம் அது. அவருக்கு ஆலோசகராக வந்தவர் ஜார்ஜ் வெசெல். ஷாம்பெய்ன் வட்டாரத்துப் பூசி ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊர் பினோ நுவாருக்குப் பெயர் பெற்றது. பினோ நுவாரோடு வாழ்ந்தவர் தக்காணத்துக்கு வந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வகைகளை நட்டுச் சோதித்துப் பார்த்தனர். 1988இல் தோட்டம் அமைந்தது. 1992இல் முதல் ஒயின் வெளிவந்தது. குரோவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கேபர்நே சோவினியோன், ஷிராஸ், சோவினியோன் பிளாங்க், வியோனியே ஆகியவை. தடித்த தோலும் வெப்பத்தைத் தாங்கும் இயல்பும் கொண்ட கேபர்நேயும் ஷிராசும் சேர்ந்த கலவையே அவர்களின் அடையாளச் சரக்கானது. தன் ஊர்த் திராட்சையை இந்த மண்மேல் திணிக்காமல், மண் ஏற்றதை ஏற்றுக்கொண்டதில் வெசெலின் அனுபவம் தெரிகிறது.

பினோ நுவார் இந்தியாவில் இல்லவே இல்லை என்று சொல்லவும் முடியாது. நாசிக் மாவட்டத்துத் திண்டோரியில் 2013இல் அறிமுகமான ஷாண்டோன் நுரை ஒயின் கலவையில் அது இடம்பெற்றது. இது விதிவிலக்குப் போலத் தோன்றினாலும் விதியையே உறுதி செய்கிறது. நுரை ஒயினுக்குப் பழத்தை முழுமையாக முதிர விடுவதில்லை. புளிப்பு குறையுமுன், சர்க்கரை ஏறுமுன் பறித்துவிடுவார்கள். பினோ நுவாரின் முதிர்ந்த மணம் அங்கே தேவைப்படுவதில்லை. வெயில் கெடுக்கும் கட்டத்துக்கு முன்பே அறுவடை முடிந்துவிடுகிறது.

உத்திகளால் இயற்கையை வெல்லலாம் என்போர் பிரேசிலைக் காட்டுவார்கள். அங்கே மினாஸ் ஜெராய்ஸ் மலைகளில் இரட்டைக் கவாத்து செய்து, அறுவடையை மழைக்காலத்திலிருந்து வறண்ட குளிர்காலத்துக்கு மாற்றி நல்ல ஒயின் எடுக்கிறார்கள். சான்று உண்மையானது. ஆனால் அந்த இடம் 21, 22 பாகை அட்சரேகையில் இருக்கிறது. வறண்ட குளிர்காலம் ஒன்று அங்கே உண்டு. அங்கே வெற்றி கண்ட முதன்மை வகை சிரா, அதாவது ஷிராஸ். தென்னாப்பிரிக்கர் எடுத்த வழி இன்னொன்று. 1925இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்டு பினோ நுவாரை வெப்பம் தாங்கும் சின்சோவோடு கலந்து பினோடாஜ் என்ற புதுவகையை உண்டாக்கினார். வெப்ப நாட்டுக்குப் பினோவைக் கொண்டுபோனவர்கள் ஒன்று அதை முதிராமல் பறித்தார்கள், அல்லது வேறொன்றோடு கலந்தார்கள், அல்லது விட்டுவிட்டு வேறு திராட்சையைத் தேடினார்கள்.

7. கம்பத்துப் பன்னீரும் ஒரு தேதிச் சிக்கலும்

தமிழ்நாட்டுக்கு உரிய திராட்சை எது என்று கேட்டால் விடை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி ஊர்களில் பந்தல் போட்டு வளர்க்கும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டின் எல்லா மாதங்களிலும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைத்து, உறக்கம் இல்லாத ஒழுங்கையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள் இந்த உழவர்கள். பர்கண்டி உழவனுக்கு ஆண்டில் ஒரே அறுவடை. கம்பத்து உழவனுக்கு இரண்டோ அதற்கு மேலோ.

இதன் வரலாற்றில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று உண்டு. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி புவிசார் குறியீட்டை ஒட்டிப் பரவலாக வெளிவந்தது. பன்னீர் திராட்சையின் தாவரவியல் அடையாளம் மஸ்கட் ஹாம்பர்க் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் சீவார்டு ஸ்னோ என்பவர் பிளாக் ஹாம்பர்க்கையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவையும் கலந்து உண்டாக்கியது என்று திராட்சை வரலாற்றாளர் சொல்கின்றனர். பிறக்காத திராட்சையைப் பாதிரியார் கொண்டுவந்திருக்க முடியாது. 1832இல் வந்தது வேறொரு வகையாக இருந்து, பின்னர் பன்னீர் அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம்; அல்லது ஆண்டுக் கணக்கில் பிழை இருக்கலாம். மரபணு ஒப்பீடும் மறைமாவட்ட ஆவணங்களும் சேர்ந்தே இதை அவிழ்க்க முடியும்.

துறவிகளுக்கும் திராட்சைக்கும் உள்ள தொடர்பு தமிழ் நிலத்தில் தனித்த செய்தியும் அன்று. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் உள்ள செபமாலைத் தாசர் ஆச்சிரமம் முந்திரிகை ரசத்துக்குப் பெயர் பெற்றது. சீத்தோவின் துறவிகள் பர்கண்டிக்குச் செய்ததன் சிறு நிழல் வெப்பமண்டலத்திலும் விழுந்திருக்கிறது. தோலகட்டித் துறவிகள் வளர்த்தது தங்கள் மண்ணில் வரும் திராட்சையை.

8. குடும்பமும் கடையும்

தட்பவெப்பம் ஒத்துவந்தாலும் குடும்ப ஒயின் தொழில் இங்கே நிற்குமா என்பது தனிக் கேள்வி. இதற்கு விடை சொல்வது வரலாறும் சட்டமும்.

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1965இல்தான். ஆகவே நவீன இந்திய மதுவிலக்கு முதலில் தொட்ட மண்ணில் கடத்தூரும் அடங்கும். அதியமான் கள்ளைப் பகிர்ந்து குடித்ததை ஒளவையார் பாடிய தகடூர், மதுவிலக்கின் முதல் களமானதை வரலாற்றின் ஒரு வளைவு என்றே சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தும் இறுகியும் வந்தது. 1983இல் டாஸ்மாக் மொத்த வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை வணிகமும் அதன் கையில் வந்தது. இந்த அமைப்பு பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவியின் மேல் கட்டப்பட்டது. அதியமான் முன்னோர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் கரும்பு, புட்டியில் அடைபட்ட பிராந்தியாகத் தமிழ்நாட்டின் வருவாய்க் கணக்கில் ஏறிவிட்டது.

குடும்ப ஒயின் தொழிலின் உயிர்நாடி நேரடி விற்பனை. பர்கண்டியிலும் ஓரிகனிலும் வாங்குபவர் தோட்டத்துக்கு வருகிறார், நிலத்தைப் பார்க்கிறார், சுவைத்து வாங்குகிறார். மகாராட்டிரம் 2001இலும் கருநாடகம் 2007இலும் திராட்சை ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்து, அதை மற்ற மதுவிலிருந்து பிரித்துப் பார்க்கத் தொடங்கின. நாசிக்கில் சுவைக்கூடங்கள் பெருகியதற்கு இதுவும் காரணம். ஒரே கொள்முதல்காரர், ஒரே கடை என்ற தமிழக ஏற்பாட்டில் ஒரு துண்டு நிலத்தின் பெயருக்கு விலை கிடைப்பது கடினம். இதைக் குறையாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. மதுவால் குடும்பங்கள் பட்ட துன்பம் இந்த மாவட்டத்தில் கண்கூடு. விற்பனையைப் பெருக்கும் எந்த வாதத்தையும் பெண்கள் ஐயத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரை ஒயின் தொழிலுக்குப் பரிந்து பேசவில்லை. சட்டமும் சந்தையும் மாறாமல் கொடியை மட்டும் மாற்றி நடுவது பயன் தராது என்பதே இங்கே சொல்ல வந்தது.

9. கொடிக்கால் தரும் பாடம்

இதுவரை பார்த்தவற்றின் முடிவு தெளிவு. கடத்தூர்ச் சமவெளி பினோ நுவாருக்கு மிக வெப்பம். சேர்வராயனும் வத்தல்மலையும் வெப்பமும் ஈரமும். கொடைக்கானல் எண்ணிக்கையில் குளிர், ஒழுங்கில் வேறு. உயரவாதிகளும் மறுப்பவர்களும் பாதி உண்மையையே பிடித்திருக்கிறார்கள். அந்தக் கொடியை இங்கே விட்டுவிடலாம். அதை வளர்த்தவர்களின் பழக்கத்தை விட வேண்டியதில்லை.

கடத்தூர் வட்டாரத்துக்கு ஏற்கெனவே ஒரு கொடி இருக்கிறது. வெற்றிலைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. வெற்றிலையும் நேரடி வெயில் தாங்காத, நிழலும் ஈரமும் கேட்கும் கொடிதான். அதற்கு மலைமேல் இடம் தேடாமல், அகத்தியை நெருக்கமாக விதைத்து, அதன் நிழலில் கொடியை ஏற்றி, வாய்க்காலில் நீர் பாய்ச்சி, கொளுத்தும் சமவெளியின் நடுவே ஒரு குளிர்ந்த அறையை உழவர்கள் கட்டுகிறார்கள். கொடிக்காலுக்குள் நுழைந்தவருக்கு வெளியிலிருந்த வெயில் மறந்துபோகும். குளிர்ப் பகுதி என்று ஒன்று இங்கே உண்டென்றால் அது மனிதக் கையால் ஆன இந்தக் குளிர்தான். வெற்றிலைக் கட்டான கவுளியை அடுக்குபவர் இலையைத் தொட்டே எந்தப் பக்கத்துத் தோட்டத்து இலை, காரம் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடியவர். பர்கண்டியின் சுவைஞருக்கும் இவருக்கும் அறிவில் வேறுபாடு இல்லை. ஒருவரின் அறிவு ஏட்டில் ஏறியது; மற்றவரின் அறிவு விரல் நுனியிலேயே தங்கிவிட்டது.

ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குப் போன் நகரம் சான்று. அங்கே 1354 முதல் திராட்சை அறுவடை நாள்கள் குறித்து வைக்கப்பட்டன. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று அந்த 664 ஆண்டுக் குறிப்புகளைத் தொகுத்து, 1988க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாள் முன்னதாக வந்துவிட்டது என்று காட்டியது. குளிரின் தாயகமே குளிரை இழந்து வருகிறது என்ற செய்தி பழைய கணக்கு ஏடுகளிலிருந்துதான் வெளிவந்தது. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் காலநிலை ஆய்வுக்காக எழுதவில்லை. அறுவடைக்கு ஆள் கூட்டவும் கூலி கொடுக்கவும் எழுதினார்கள்.

ஆத்தூர், சோழவந்தான், கும்பகோணம் வெற்றிலைகள் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. கடத்தூர் உழவர்கள் எந்தக் குறியீட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அகத்தி விதைத்த நாள், கொடி பதித்த நாள், முதல் கிள்ளு, நோய் கண்ட நாள், மழை நின்ற நாள், சந்தையில் ஒரு கவுளிக்குக் கிடைத்த விலை ஆகியவற்றைத் தோட்டத்துக்கு ஒன்றாக நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம்.